துருத்தி ஊதிய பையன்

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் ஐரோப்பாவில் இருக்கிற நம்மில் பலர் வீட்டு டிவியில் மஞ்சள் சட்டை தெரிய ஆரம்பித்துவிடும். சூரியகாந்தி வயல், வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை, மேலே ஹெலிகாப்டர், கீழே ஒரு கூட்டம் சைக்கிள். டூர் டி பிரான்ஸ். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை நெருங்கும் நேரம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இதுல யாரு ஜெயிக்கிறாங்கன்னே புரியலையே" என்பார்கள். உண்மையைச் சொன்னால் நமக்கும் பாதிதான் புரியும்.

இன்று அந்தப் போட்டியில் ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கையைத் தூக்குவார். பின்னாலேயே வரும் அணியின் கார் நிற்கும். மெக்கானிக் குதித்து இறங்கிச் சில வினாடிகளில் சக்கரத்தை மாற்றி, முதுகில் கை வைத்துத் தள்ளியும் விடுவார். அணியில் மொத்தம் 8 பேர். முன்னால் போன இரண்டு பேர் இவருக்காக வேகத்தைக் குறைத்து, காற்றைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, இவரைக் கூட்டத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வெற்றி பெறுபவர் பெயர் ஒன்றுதான், ஆனால் அதற்குப் பின்னால் எத்தனையோ கைகள்.

ஆரம்ப காலத்தில் இது எதுவுமே கிடையாது. யாராவது ஒரு கை கொடுத்தால்கூடக் குற்றம். அந்தப் பழைய கதையைத்தான் இந்த மாதம் எடுத்துக்கொண்டேன். நாம் எல்லோரும் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிற "சொந்தக் காலில் நில்" என்ற வாக்கியத்தோடு அதற்கு நிறையச் சம்பந்தம் இருக்கிறது.

ஒரு பத்திரிகைச் சண்டை

இந்தப் போட்டி விளையாட்டு ஆர்வத்தில் மட்டும் பிறந்ததில்லை. பத்திரிகை விற்கத்தான் பிறந்தது. அந்தப் பத்திரிகை பிறந்ததோ ஓர் அரசியல் சண்டையில்.

1894-ல் ஆல்ஃபிரெட் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். குற்றச்சாட்டு பொய். ஆனால் அதை வைத்து பிரான்ஸ் நாடே இரண்டாகப் பிளந்தது. அப்போது அங்கே முன்னணியில் இருந்த விளையாட்டுத் தினசரி 'லெ வெலோ'. அதன் ஆசிரியர் பியேர் ஜிஃபார் டிரைஃபஸ் பக்கம் நின்றார். அதில் விளம்பரம் கொடுத்துவந்த கார் முதலாளி தெ தியோன் எதிர்ப் பக்கம். சண்டை முற்றி, தெ தியோனும் வேறு சில தொழிலதிபர்களும் சேர்ந்து 1900 அக்டோபரில் போட்டிப் பத்திரிகை ஒன்றை ஆரம்பித்தார்கள். அதுதான் பின்னால் 'லோட்டோ' என்று பெயர் மாறியது. 'லெ வெலோ' பச்சைத் தாளில் அச்சானது என்பதால் இவர்கள் மஞ்சள் தாளை எடுத்துக்கொண்டார்கள்.

ஆசிரியராக ஆன்ரி டெக்ரான்ஜ் என்பவரைப் போட்டார்கள். அவர் பழைய சைக்கிள் வீரர். 1893-ல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தவர். ஆனால் பத்திரிகை ஓடவில்லை. அவசரமாக ஏதாவது செய்தாக வேண்டிய நிலை. 1902 நவம்பரில் பாரிசில் ஒரு மதியச் சாப்பாட்டு மேஜையில், இளம் நிருபர் ஜியோ லெஃபெவ்ர் ஒரு யோசனை சொன்னார். நாட்டையே சுற்றி வருகிற மாதிரி, பல நாள் நடக்கும் ஒரு பந்தயம் வைத்தால் என்ன?

அதற்கு முன்பும் நீண்ட தூரப் பந்தயங்கள் உண்டு. 1891-ல் பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை ஆரம்பித்தவரே அந்த ஜிஃபார்தான். ஆனால் அது ஒரே மூச்சில் ஓட்டி முடிப்பது. தூரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி என்று வைத்தால், வாசகன் தினமும் பத்திரிகை வாங்கித்தானே ஆக வேண்டும்? தொடர்கதை எழுதுகிற அதே தந்திரம்தான்.

1903: அறுபது பேர்

முதலில் போதுமான ஆள் சேரவில்லை. கட்டணத்தை 20 பிராங்கிலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். மே மாதக் கடைசியில் ஆரம்பிப்பதாக இருந்ததை ஜூலைக்குத் தள்ளினார்கள். முதல் 50 பேருக்குத் தினசரி 5 பிராங்க் படி என்றும் அறிவித்தார்கள். அது ஏறக்குறைய ஒரு தொழிலாளியின் அன்றாடக் கூலி. அதன் பிறகுதான் ஆட்கள் வந்தார்கள்.

1903 ஜூலை 1, பிற்பகல் 3 மணி 16 நிமிடம். பாரிசுக்குத் தெற்கே மோன்ஜெரோன் என்ற ஊரில் ஒரு சிற்றுண்டி விடுதி வாசலிலிருந்து 60 பேர் கிளம்பினார்கள். பாரிஸ் பக்கம் இருக்கும் வாசகர்கள் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 6 கட்டங்கள், மொத்தம் 2,428 கிலோமீட்டர். முதல் கட்டமே லியோன் வரை 467 கிலோமீட்டர். இன்று அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். அன்று முதலில் போய்ச் சேர்ந்தவருக்கு 17 மணி 45 நிமிடம் ஆனது. ராத்திரி முழுக்க இருட்டில், மண் சாலையில் ஓட்டியிருக்கிறார்கள். கியர் மாற்றும் வசதி கிடையாது. உதிரி டயரைத் தோளில் குறுக்காகச் சுற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். பஞ்சர் ஆனால் தானே இறங்கி ஒட்ட வேண்டும். மேற்பார்வைக்கும் செய்தி எழுதவும் அதே லெஃபெவ்ர்தான். பாதி தூரம் சைக்கிளிலும் மீதி ரயிலிலுமாகப் பின்தொடர்ந்தார்.

ஜெயித்தவர் பெயர் மொரிஸ் கரேன். இத்தாலியின் மலைக்கிராமம் ஒன்றில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு பிரான்சுக்கு வந்தவர். புகைபோக்கி சுத்தம் செய்யும் வேலையில் ஆரம்பித்தார். பெரிய ஆளான பிறகும் பத்திரிகைகள் அவரை அந்தத் தொழிலின் பெயராலேயே அழைத்தன. இந்தப் போட்டியின் முதல் வெற்றியாளரே ஊர் விட்டு ஊர் வந்த வீட்டுப் பிள்ளை. இதை என் பிள்ளைகளிடம் சொல்ல எனக்குப் பிடிக்கும். இரண்டாவதாக வந்தவரைவிட அவர் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் முன்னால் வந்தார். 60 பேரில் முடித்தது 21 பேர். கடைசியாக முடித்தவர் கரேனைவிட 64 மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். அவர் பெயரையும் ஏட்டில் மரியாதையாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்: ஆர்சேன் மியோஷோ.

பத்திரிகை விற்பனை சுமார் 25,000 பிரதியிலிருந்து 65,000 ஆனது. அடுத்த ஆண்டே 'லெ வெலோ' மூடப்பட்டது.

1904: உதவி என்ற பெயரில்

இரண்டாவது ஆண்டு எல்லாம் கெட்டது. ஆட்கள் ராத்திரியில் காரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ரயில் ஏறினார்கள் என்றெல்லாம் புகார். முகமூடி போட்ட ஆட்கள் காரில் வந்து கரேனை மிரட்டினார்கள். சான்த் எத்தியேன் நகருக்குப் பக்கத்து மலையில், உள்ளூர் வீரர் ஒருவரின் ரசிகர்கள் அவரை முன்னால் போகவிட்டு, பின்னால் வந்தவர்களைத் தடியால் அடித்தார்கள். துப்பாக்கியை மேலே சுட்டுத்தான் கூட்டத்தைக் கலைக்க முடிந்தது. சாலையில் ஆணி வேறு.

டிசம்பரில் பிரெஞ்சு சைக்கிள் சங்கம் தீர்ப்புச் சொன்னது. முதல் நான்கு இடங்களைப் பிடித்த கரேன் உட்பட நான்கு பேரின் இடங்களும் பறிக்கப்பட்டன. ஐந்தாவதாக வந்த ஆன்ரி கோர்னே வெற்றியாளர் ஆனார். போட்டி நடந்தபோது அவருக்கு வயது 19. இன்றுவரை இந்தப் போட்டியில் ஜெயித்தவர்களிலேயே வயதில் சின்னவர் அவர்தான்.

இனி இந்தப் போட்டியே வேண்டாம் என்கிற மனநிலைக்கு டெக்ரான்ஜ் வந்தார். பிறகு மனம் மாறி, போட்டியை வைத்துக்கொண்டு விதிகளை மாற்றினார். மென்பொருள் எழுதுகிற எனக்கு இந்த இடம் நன்றாகப் புரிகிறது. ஓட்டை தெரிந்தது, ஒட்டுப் போட்டார். 1905-ல் நேரத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு, எத்தனையாவதாக வந்தார் என்பதற்குப் புள்ளி என்று வைத்தார். ஆணி குத்தி இரண்டு மணி நேரம் போனாலும் சில இடங்கள்தானே போகும்? கட்டங்களைச் சுருக்கி 11 ஆக்கி, இருட்டில் ஓட்டுவதைக் குறைத்தார். ஒட்டுப் போட்டால் வேறு பக்கம் பிய்யும் என்பதும் எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம். புள்ளிக் கணக்கிலும் தகராறு வந்து, 1913-ல் மறுபடி நேரத்துக்கே திரும்பினார்.

மாறாத விதி ஒன்று இருந்தது. வெளி ஆள் உதவி கூடாது. டெக்ரான்ஜ் மனதில் இருந்த வீரன் தனி மனிதன். ஒரே ஒருவன் மட்டும் முடிக்கிற போட்டிதான் உண்மையான போட்டி என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். இதில் ஒரு நியாயமும் இல்லாமல் இல்லை. பணம் உள்ள சைக்கிள் கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கு எல்லாம் செய்து கொடுத்தன. எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளாத ஏழை வீரர்கள் தங்கும் இடத்தைக்கூடத் தாங்களே தேடிக்கொண்டு ஓட்டினார்கள். யாருக்கும் உதவி கிடையாது என்றால் இருவரும் சமம். தாளில் படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது.

டூர்மலே மலையில் ஒரு பட்டறை

1910-ல் போட்டி பிரனீஸ் மலைத்தொடரின் உயரமான கணவாய்களில் ஏறியது. அந்த ஆண்டு ஜெயித்த ஆக்டேவ் லாபீஸே, ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினார்.

1913 ஜூலை 9. பயோன் நகரிலிருந்து லுஷோனுக்கு 326 கிலோமீட்டர் மலைக் கட்டம். யூஜேன் கிறிஸ்தோஃப் முந்தைய ஆண்டு இரண்டாவதாக வந்தவர். இந்த முறை வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் உடைந்தது. வேறு சைக்கிள் வாங்கக் கூடாது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே இறங்கினார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள்.

கீழே சான்த் மரி தெ காம்பான் என்ற சிற்றூர். அங்கே ஒரு கொல்லன் பட்டறை. கொல்லர் தொடக் கூடாது, வாயால் மட்டும் சொல்லலாம். கிறிஸ்தோஃப் இளமையில் பூட்டுத் தொழில் பழகியவர். அதனால் இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஃபோர்க்கைத் தானே ஒட்ட வைத்தார். சுமார் மூன்று மணி நேரம். அவ்வளவு நேரமும் போட்டி அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று யாராவது உதவுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கையிலும் வேலை இருந்தால் துருத்தியை யார் ஊதுவது? பட்டறையில் இருந்த ஒரு பையன் ஊதினான். அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். வெளி உதவி, 10 நிமிட அபராதம். பிறகு அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே ஏறக்குறைய நான்கு மணி நேரம் போயிருந்தது. அதன் பிறகும் அவர் இன்னும் இரண்டு கணவாய் ஏறி இறங்கி லுஷோனுக்குப் போய்ச் சேர்ந்தார். பாரிஸ் வரை ஓட்டி 7-வது இடத்தில் முடித்தார்.

இந்தக் கதையை என் 8 வயது மகளிடம் சொன்னபோது, ஃபோர்க், மலை, நடை எதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "அந்தப் பையன் என்னப்பா தப்பு பண்ணினான்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. "தப்பு ஒண்ணும் பண்ணலை, விதி அப்படி" என்றேன். "அப்போ விதிதான் தப்பு" என்று முடித்துவிட்டாள்.

நான் அதோடு விடவில்லை. 1904-ல் கார் இழுத்துக்கொண்டு போனதும் உதவிதான், 1913-ல் பையன் துருத்தி ஊதியதும் உதவிதான். விதிப் புத்தகத்துக்கு இரண்டும் ஒன்று. ஆனால் கார் இழுத்தால் ஓட்ட வேண்டியவன் ஓட்டவே இல்லை. பையன் ஊதியபோது கிறிஸ்தோஃப் செய்ய வேண்டிய வேலை ஒரு துளிகூடக் குறையவில்லை. நடந்ததும் அவர், இரும்பை அடித்ததும் அவர், மீதி மலையை ஏறியதும் அவர். அவரால் அந்த வேலையைத் தொடர முடிந்தது, அவ்வளவுதான்.

பிள்ளையின் அறிவியல் செயல்திட்டத்தை ராத்திரி 11 மணிக்கு நாமே ஒட்டி, வண்ணம் தீட்டி முடிக்கிறோமே, அது கார். அவள் வெட்டும்போது அட்டை நகராமல் பிடித்துக்கொள்வது துருத்தி. முதலாவதைச் செய்துவிடுவோமோ என்ற பயத்தில் நம்மில் பலர் இரண்டாவதையும் விட்டுவிடுகிறோம். "நீயாப் பண்ணு, அப்பதான் கத்துக்குவே."

அந்த வாக்கியத்தை நமக்குச் சொல்லி வளர்த்த நம் பெற்றோரையும் யோசிச்சுப் பாருங்க. என் அப்பா "யார் தயவும் இல்லாம வந்தேன்" என்று பெருமையாகச் சொல்வார். ஆனால் இந்த நாட்டில் அவர் படுத்த முதல் இரவு ஊர்க்காரர் ஒருவர் வீட்டுத் தரையில். முதல் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது இன்னொருவர். குளிருக்குப் போட்ட கோட்டு மூன்றாவது ஆளுடையது. அவர் பொய் சொல்லவில்லை. வேலை செய்தது, பனியில் நடந்தது எல்லாம் அவர்தான். துருத்தி ஊதியவர்களின் பெயர்தான் கதையில் விடுபட்டுப் போயிற்று.

விதி மாறிய விதம்

கிறிஸ்தோஃபின் கதை அங்கே முடியவில்லை. முதல் உலகப் போர் வந்து நான்கு ஆண்டுகள் போட்டி இல்லை. லாபீஸ் உட்பட முன்பு ஜெயித்த மூன்று பேர் அந்தப் போர்க்காலத்தில் இறந்துபோனார்கள். 1919-ல் மறுபடி ஆரம்பித்தபோது, முதலில் இருப்பவர் யார் என்று மக்களுக்குத் தெரிய மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். 'லோட்டோ' அச்சான தாளின் அதே மஞ்சள். முதன்முதலில் அதைப் போட்டவர் கிறிஸ்தோஃப். முடிவுக்கு இரண்டு கட்டம் இருக்கும்போது மறுபடியும் ஃபோர்க் உடைந்தது. மறுபடியும் தானே சரிசெய்தார். மூன்றாவது இடம். இந்த முறை பத்திரிகை வாசகர்கள் தாங்களே காசு சேர்த்து அனுப்பினார்கள். சேர்ந்த தொகை வெற்றியாளரின் பரிசைவிட அதிகம். விதி எதுவாக இருந்தாலும், சாதாரண ஜனங்கள் துருத்திப் பக்கம்தான் நின்றார்கள்.

1924-ல் முந்தைய ஆண்டு வெற்றியாளர் ஆன்ரி பெலிசியே பாதியிலேயே விலகினார். காலைக் குளிருக்குப் போட்ட சட்டையை வெயில் ஏறியதும் கழற்றி எறியக் கூடாது, கிளம்பியபோது இருந்ததெல்லாம் முடிக்கும்போதும் இருக்க வேண்டும் என்ற விதிதான் தகராறுக்குக் காரணம். ஆல்பர் லோன்ட்ர் என்ற பெரிய பத்திரிகையாளர் அதை எழுதியதும், இந்த வீரர்கள் படும் பாடு நாடு முழுக்கப் பேச்சானது.

1930-ல் டெக்ரான்ஜ் கம்பெனி அணிகளை நீக்கி, நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் அவரே சைக்கிள் கொடுத்தார். அணியினர் ஒருவருக்கொருவர் உதவலாம் என்றானது. அந்த ஆண்டே அதன் பலன் தெரிந்தது. மஞ்சள் சட்டையில் இருந்த ஆந்த்ரே லெதுக் ஆல்ப்ஸ் மலை இறக்கத்தில் விழுந்தார். எழுந்து ஓட்டினால் பெடல் உடைந்து மறுபடி விழுந்தார். சாலையோரம் உட்கார்ந்து அழுதவரை அணியினர் தூக்கி நிறுத்தி, வேறு பெடல் தேடி மாட்டி, சூழ்ந்துகொண்டு இழுத்துப் போனார்கள். முன்னால் போனவர்களைப் பிடித்து, அந்தக் கட்டத்தையும் கடைசியில் போட்டியையும் அவர் ஜெயித்தார். உடைந்த ஃபோர்க்கோடு கிறிஸ்தோஃப் தனியாக நடந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உதவிக்கும் ஒரு விலை உண்டு. 1934-ல் ரெனே வியெட்டோ என்ற 20 வயது பையன் மலையில் எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் சட்டை போட்டிருந்த அணித் தலைவர் அன்டோனின் மாஞ்சின் முன் சக்கரம் உடைந்தது. வியெட்டோ தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தான். மறுநாள் மாஞ்சுக்கு மறுபடி கோளாறு. முன்னால் போய்க்கொண்டிருந்த வியெட்டோ, இறங்கிய மலையில் திரும்பி ஏறி வந்து தன் சைக்கிளையே கொடுத்தான். மாஞ் அந்தப் போட்டியை ஜெயித்தார். வியெட்டோ 5-வது. அவன் கடைசிவரை இந்தப் போட்டியை ஜெயிக்கவே இல்லை. முன் சக்கரம் இல்லாத சைக்கிள் பக்கத்தில், கல்சுவரில் உட்கார்ந்து அவன் அழுகிற படம் பிரான்ஸ் முழுக்கப் பிரபலம்.

பிள்ளைகளோடு இந்த ஜூலையில் டூர் பார்க்கும்போது ஜெயிப்பவரை மட்டும் பார்க்காமல், காற்றை வாங்கிக்கொண்டு முன்னால் போகிறவரையும், சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பவரையும் காட்டுங்கள். சாப்பாட்டு மேஜையில் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டறைப் பையனுக்காக நீ அபராதம் போடுவாயா? வியெட்டோ இடத்தில் நீ இருந்தால் சக்கரத்தைக் கொடுப்பாயா? எங்கள் வீட்டில் முதல் கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில். இரண்டாவது கேள்வியில் மகளும் மகனும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை.

உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.